ரப்பர் ஜெயித்த சாயங்காலம்

பதினொரு வயதிலேயே எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் நம்பினேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுவதையும் நம்ப வைத்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. வால்வுகள் சூடேறும்போது எங்கள் சிற்றலை வானொலியிலிருந்து எழுந்த கருகிய தூசி வாசனையை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சிவந்துவிடுகிறது.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பெட்டி அது. ரயில்வே பட்டறையில் பிட்டராயிருந்த அப்பா, கூரையிலிருந்து கொய்யா மரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருகுவார். எண்ணெய் கொதிப்பது போன்ற இரைச்சலுக்குள்ளிருந்து லண்டன் தலையை நீட்டும், உடனே முங்கிவிடும். அந்தச் "சீமைப் பேச்சு" கேட்க மாலையில் வராந்தா நிறைந்துவிடும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். பிழைக்க வந்து ரப்பர் தோட்டங்களில் வேலை இழந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த மாரிமுத்து அண்ணனும், பிள்ளை சுமந்திருந்த அவர் மனைவி பாக்கியம் அக்காவும் எங்கள் பக்கத்து வீட்டில் ஒண்டிக்கொண்டு, மறுநாள் கிள்ளான் துறைமுகம் போய்க் கப்பலேறக் காத்திருந்தார்கள். அக்காவுக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில் ஆக வேண்டும். அண்ணனுக்குப் போக மனமில்லை.

"தம்பி, ரப்பரப் பத்தி ஏதாச்சும் சொல்றானா?" என்றார் அண்ணன்.

இரைச்சலுக்கு நடுவே என் காதில் விழுந்தவை மூன்றே சொற்கள்: இங்கிலாந்து, ஜெயித்தது, ரப்பர்.

"ரப்பர் ஜெயிச்சிருச்சுண்ணே! வெல ஏறுது." கேட்காததையும் சேர்த்துக்கொண்டேன்: "தோட்டத்துல மறுபடி ஆள் எடுப்பாங்களாம்."

"நல்லாக் கேளு தம்பி, எனக்கு நாளைக்குக் கப்பலு" என்றார் அக்கா.

"நல்லாத்தான்க்கா கேட்டேன்."

"சீமையிலேருந்தே சொல்லிட்டான், அப்பறம் என்னா லா!" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

கப்பல் அவர்கள் இல்லாமல் போயிற்று. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அண்ணனை வாசலிலேயே சிரித்து அனுப்பிவிட்டார். கப்பலுக்கு மறுபடி பெயர் கொடுத்து முறை வருவதற்குள் யாரோ தெரிந்தவரின் கொட்டகையில் பிரசவமாயிற்று, பிள்ளை தங்கவில்லை. வெறுங்கையோடு தாய்வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அக்கா கடைசிவரை கப்பலேறவேயில்லை.

கிரிக்கெட் ஆட்டத் தொடருக்கும் இங்கிலீஷில் "ரப்பர்" என்று பெயர் உண்டாம். அன்று சில வெள்ளைக்காரர்கள் பந்தடித்து ஜெயித்திருக்கிறார்கள், அவ்வளவே. இதைத் தெரிந்துகொள்ள நான் அலமாரி அலமாரியாகப் படித்து, கண்ணாடியும் போட வேண்டியிருந்தது.

குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள்; கொய்யா மரமும் இல்லை. முடிதிருத்தும் கடையில் உள்ளங்கையளவு டிரான்சிஸ்டரில் லண்டன் இப்போது தமிழே பேசுகிறது, மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். போன வருஷம் காப்பாருக்குப் போய், பல வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைப் பாக்கியம் அக்காவிடம் கேட்டேன். அண்ணன் போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ சொன்னதையா நம்புனோம்? மூக்கு ஒழுகிக்கிட்டு நின்ன பய நீ. பொட்டி சொல்லுச்சுன்னுல்ல நம்புனோம்."