சட்டைப் பையில் ஐந்து பெயர்

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பத்தொன்பது வருஷம் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் அமலதாஸ். போன ஜூனில் ராஜினாமா கொடுத்துவிட்டு, கோயம்புத்தூரில் இரண்டாம் பிரிவு லீக்கில் ஆடும் ஒரு தொழில்முறை கிளப்புக்குப் போனார். ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு மட்டும். அணி முதல் பிரிவுக்கு ஏறினால் நீட்டிப்பு. ஏறாவிட்டால் நாற்பத்தேழு வயதில், அரிசி மில்கள் நிறைந்த புதுவயலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கல்லூரியில் அவர் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது.

"தோத்து வந்தா அரிசி மில்லு வாசல்லதான் நிக்கணும், தெரியுமுல்ல?" என்றார் மனைவி சகாயம்மாள், பெட்டி கட்டும்போது. கிண்டல்தான். அமலதாஸ் சிரிக்கவில்லை.

கல்லூரிப் போட்டிகள் எல்லாம் நாக்-அவுட். சமமானால் பெனால்டி, தோற்றால் அன்றைக்கே ஊருக்கு பஸ். அதனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், பெனால்டி அடிக்க வேண்டிய ஐந்து பேரைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். லீக்கில் அது கிடையாது. சமமானால் ஆளுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். தெரிந்தும் சீசன் முழுக்க எழுதினார். ஒரு தடவையும் வெளியே எடுக்கவில்லை.

கடைசி ஆட்டம் மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மாலை. ஒரு புள்ளி கிடைத்தால் ஏற்றம். அறுபத்து மூன்றாவது நிமிடம் எதிரணி கோல் போட்டது. எண்பத்தெட்டாவது நிமிடம் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி இவருடைய அணி சமன் செய்தது. இறுதி விசில். பெஞ்சில் இருந்தவர்கள் உள்ளே ஓடினார்கள். அமலதாஸ் கோட்டோரம் நின்று சீட்டைப் பிரித்து முதல் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாவதையும் கூப்பிட்டார்.

கோல்கீப்பர் தங்கச்சாமி ராமநாதபுரத்துக்காரர். கையுறையைக் கழற்றாமலே வந்து தோளைப் பிடித்தார்.

"என்ன மாஸ்டர், இன்னும் காலேஜ்லயே இருக்கீக? முடிஞ்சிருச்சு. மேல ஏறிட்டோம்."

"பெனால்டி?"

"யாரோட அடிக்க? அவுக அங்குட்டு பஸ் ஏறப் போயிட்டாக."

எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தூக்கினார்கள். அன்று எடுத்த படத்தில் அத்தனை பேர் வாயும் திறந்திருக்கிறது. அவர் மட்டும் யாரையோ எண்ணுவதுபோல் கீழே பார்க்கிறார்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு வருஷ நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டார். பேனா வழுக்கிக்கொண்டு எழுதியது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்கிறார். பிறகு வீட்டுக்குப் போன்.

"செயிச்சீகளா?"

"இல்ல. ஒண்ணுக்கு ஒண்ணு."

"அப்ப வாரீகளா?"

"இல்ல. மேல ஏறியாச்சு. இன்னும் ரெண்டு வருசம்."

"அதைக் கொஞ்சம் சந்தோசமாச் சொன்னா என்ன?"

"வரமாட்டேங்குது."

பத்தொன்பது வருஷம் துவைக்கப் போடும்முன் அந்தச் சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்தவர் சகாயம்மாள்தான்.

"இன்னைக்கு அஞ்சு பேரு யாரு? வாசிங்க."

அமலதாஸ் சீட்டைப் பிரித்தார். நான்கு பெயர் வாசித்து நிறுத்தினார்.

"அஞ்சாவது?"

"தங்கச்சாமி."

"கோல்கீப்பரா?"

"ஆமா. அவன் அடிச்சா தவற விட மாட்டான்."