பொட்டு வைத்த கம்ப்யூட்டரும் பூட்டாத கதவும்

பனியன் கம்பெனியில், ஆர்டர் கொடுத்துத் துணி வாங்கும் பையரிடமிருந்து வரும் டிசைன் ஃபைலைப் பத்திரமாக வாங்கி, பிரிண்டிங் பட்டறைகளுக்குப் பத்திரமாகக் கொடுப்பதுதான் என் வேலை. அதில் "பத்திரமாக" என்பது மட்டும் எனக்கு வெகுநாள் புரியவில்லை. பத்தாவதோடு நின்று, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மவுஸைப் பிடித்த என் கூட்டாளிகளே, நீங்களும் நான் செய்ததில் ஏதாவது ஒன்றைச் செய்திருப்பீர்கள்.

கேட்காமல் கொடுத்தது

எங்கள் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் டிசைன்களைப் போட்டு வைப்போம். ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் தங்கள் பட்டறையிலிருந்தே, நெட்டில் ஃபைல் எடுக்கும் எஃப்டிபி வழியாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, நான் காலையில் விளக்கேற்றும் நேரம் பார்த்துத்தான் போன் செய்வார்கள். பாதிப் பதிகத்தில் எழுந்து எழுந்து சலித்துப்போய், பாஸ்வேர்டே வேண்டாம், யார் வந்தாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றிவிட்டேன். புண்ணியம் செய்ததாக நினைப்பு வேறு. அவிநாசி பட்டறைக்காரர் பழனிச்சாமி மனசு நிறைந்து சொன்னார்: "அக்கா, உங்க ஆபீஸ்ல ஃபைல் எடுக்கறது கோயில்ல பிரசாதம் வாங்கற மாதிரிங்க, யாரு என்னன்னு ஒரு கேள்வி இல்லீங்க."

ஆயுத பூஜை

திடீரென்று பையரிடமிருந்து கடிதம் வந்தது. கடைக்கு வராத டிசைன் வெளியே போக வழி இருந்தால் அடுத்த ஆர்டர் கிடையாது, நேரில் வந்து பார்ப்போம் என்று. முதலாளி முகம் சுண்டிவிட்டது. நெட்வொர்க் பார்க்கும் கலைவாணியைக் கூப்பிட்டார். என் மகள் வயசுதான். லேப்டாப்பைச் செருகி, ஆபீஸில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் தட்டிப் பார்த்தாள். ஃபைல் கொடுக்கிற கதவு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று அது சொல்லுமாம்.

"ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு" என்றேன். இரண்டு என்றது லேப்டாப். தேடிப்போனால், சாமி படத்துக்குக் கீழே, நாங்கள் ஓய்வு கொடுத்த பழைய கம்ப்யூட்டர். இத்தனை வருஷம் உழைத்ததே என்று ஆயுத பூஜையன்று துடைத்து, பொட்டு வைத்து, மற்ற மெஷின்களோடு அதையும் ஓடவிட்டிருந்தேன். அணைக்க மனசு வரவில்லை. அது பாட்டுக்கு எல்லா டிசைனையும் ஊருக்கே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கலைவாணி என்னைப் பார்த்தாள்: "அம்மா, கும்பிட்டது சரிங்க, ஒயரைப் புடுங்கிட்டுக் கும்பிட்டிருக்கலாமுங்க."

வந்து போனவர்கள்

யார் எங்கிருந்து எதை எடுத்தார்கள் என்று இரண்டு கம்ப்யூட்டரும் குறித்து வைத்திருந்தன. கலைவாணி அதைத் திறந்தபோது நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வரி அந்நிய ஆள் இருந்தாலும் ஆர்டர் போய்விடும், தையல் லைன் நின்றுவிடும். நல்லவேளை, எல்லாம் நம் பட்டறைகள்தான். ஒரே ஒரு ஃபைலை மட்டும் அவிநாசியிலிருந்து மூன்று தடவை எடுத்திருந்தார்கள். அது டிசைன் இல்லை, என் மகள் கல்யாண வீடியோ. வீட்டில் வைக்க இடமில்லை என்று நான்தான் அங்கே போட்டிருந்தேன். பழனிச்சாமியைப் போனில் கேட்டேன். "தப்பா நெனைக்காதீங்க அக்கா, பந்திக்கு சமையல்காரர் யாருன்னு பாத்தனுங்க, எம்பட பையனுக்கும் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்குதுங்க."

பரீட்சை

கலைவாணி பழசை அணைத்தாள். எஃப்டிபியை மூடிவிட்டு, வழியில் யாரும் படிக்க முடியாமல் பூட்டி அனுப்பும் எஸ்எஃப்டிபி போட்டாள். பட்டறைக்கு ஒன்றாக, கம்ப்யூட்டரில் போட்டு வைக்கும் சாவி ஃபைல். ஆபீஸில் எனக்குப் பாஸ்வேர்டு, மூன்று தடவை தப்பாக அடித்தால் அரை மணி நேரம் திறக்காது. பையரின் ஆள் சென்னையிலிருந்து வந்து எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. "நீங்க திறந்து காட்டுங்கம்மா" என்றார். கண்ணை மூடி அவிநாசியப்பரை வேண்டிக்கொண்டு அடித்தேன். தப்பு. மறுபடியும் தப்பு. மூன்றாவதும் தப்பு. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். வந்தவர் தாளில் டிக் போட்டபடியே சொன்னார்: "வேலை செய்யறவங்களையே உள்ள விடலியே, இதுக்கு மேல என்ன பாதுகாப்பு வேணும், ஆர்டர் அனுப்பச் சொல்லிடறேம்மா."

கதவைத் திறந்து வைத்து ஊருக்கு உபகாரம் செய்த அத்தனை மாதத்தைவிட, வெளியே நின்ற அந்த அரை மணி நேரத்தில்தான் கம்பெனிக்கு நான் உருப்படியாக ஏதோ செய்திருக்கிறேன்.