மதியத் தளர்ச்சி

எங்கள் கல்லூரி மலைக் கணவாய் ஊரான கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில். பங்குனி வெயிலில் அங்கே மனிதன் உட்காரத் தகுந்த அறை எங்கள் ஆய்வகம் ஒன்றுதான். ஏசி எங்களுக்காகப் போட்டதல்ல, தங்கத்துக்காக. கண்ணாடித் துண்டின்மேல் படியவைத்த தங்கத் துகள்கள். அத்தனையையும் சுரண்டிச் சேர்த்தாலும் ஒரு மூக்குத்திக்குத் தேறாது. அவற்றின் மேற்பரப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே இழுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும், துகள் சிறுக்கச் சிறுக்க அது எப்படி மாறுகிறது என்று அளப்பது எங்கள் வேலை. வீட்டில் 'தங்க வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது.

காலையில் புதுத் துண்டை வைத்து அளந்தால் எண் சரியாக வரும். மதியம் இறங்கிவிடும். தினமும் இதே கதை. நான் கலங்கவில்லை. நாலு புத்தகம் படித்தவன் கலங்க மாட்டான், காரணம் கட்டுவான். உச்சிவெயில், கணவாய்க் காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொள்கை எழுதினேன். 'மதியத் தளர்ச்சி' என்று பெயரும் வைத்தேன். வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்க் கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசவும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

என்னோடு சேர்ந்து அளப்பவர் வேதியியல் பேராசிரியை, இங்கே பக்கத்துச் சித்தூர்க்காரர். கொள்கையைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க சார். தங்கம் இதைப் படிச்சுதுங்களா?" என்றார்.

அந்த வாரத் திங்கட்கிழமை நண்பர் ஒருவரின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். இருவரும் அங்கே விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து அளந்தோம். எண் இறங்கவே இல்லை. வெயில் இருந்தது, காற்று இருந்தது. என் தளர்ச்சி மட்டும் விடுப்பில் போயிருந்தது.

"ஏனுங்க சார், இன்னைக்கு நாம என்னங்க பண்ணலை?"

மேசையைப் பார்த்தோம். கருவிக்கு ஒரு முழம் தள்ளி, நான் தினமும் டிபன் பாக்ஸைத் திறக்கும் இடம் காலியாக இருந்தது. தயிர்சாதமும் பூண்டுத் துவையலும். துவையல் நானே அரைப்பது. சமையலில் எனக்குள்ள ஒரே தேர்ச்சி.

"தங்கம் எதுகூடவும் ஒட்டாதுன்னுதானுங்களே கிளாஸ்ல சொல்றோம்?" என்றேன், துவையலைக் காப்பாற்றும் கடைசி முயற்சியாக.

"கட்டித் தங்கத்தைச் சொல்றோமுங்க. அதோட மேல்தோலுக்குக் கந்தகம்னா உசுரு. பூண்டு வாசமே கந்தகந்தானுங்க. நம்ம துகள்ல மேல்தோலை விட்டா வேற என்னங்க இருக்குது?"

மறுநாள் இரண்டு புதுத் துண்டுகளை இரண்டு மூடிய கண்ணாடி ஜாடிகளில் வைத்தோம். ஒன்றின் அடியில் ஒரு கரண்டித் துவையல், மற்றது வெறும் ஜாடி. சற்று நேரம் கழித்து அளந்தபோது, வெறும் ஜாடித் தங்கம் அசையவில்லை. துவையல் ஜாடித் தங்கத்தில் அச்சு அசல் மதியத் தளர்ச்சி.

"கொள்கையை என்னங்க பண்றது?" என்றேன்.

"தலைப்பு நல்லா இருக்குதுங்க. அதை மட்டும் வெச்சுக்குங்க."

அப்படியே செய்தேன். மீதி நாட்களில் துவையல் படாத துண்டுகளைக் காலையிலும் மதியத்திலும் அளந்தோம். துகளின் அளவுக்கேற்ப எண் மாறியது, மணிக்கேற்ப மாறவில்லை. நாங்கள் தேடியது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜாடிப் படத்தைத் திரையில் போட்டதும் அரங்கம் சிரித்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்:

"அப்போ, இந்த எண்ணை நாங்க நம்பலாமா?"

"தாராளமா நம்பலாமுங்க," என்றேன். "மத்தியானமே வந்து அளந்து பாருங்க. சாப்பாடு மட்டும் வெளிய, மரத்தடியில."