படத்துக்குக் கீழே இரண்டு வரி

என் அப்பா செத்துப்போனதாக ஒருமுறை பேப்பரில் வந்தது. அதை எங்கள் வீட்டில் முதலில் படித்தவரும் அவர்தான். மரக்காணம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, பேப்பரோடு வீட்டுக்கு வந்தார்.

சுனாமி வந்த வாரம் அது. அப்பாவும் அம்மாவும் சித்தியும் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார்கள். எங்கள் தெரு கடலைவிட்டுத் தள்ளி இருந்ததால் எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உப்புப் பாத்திகளில்தான் சேறு ஏறி, வரப்பெல்லாம் கரைந்து கிடந்தது. கடலோரக் குப்பத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். எங்களோடு இருந்த அம்மாவின் தங்கை, என் சித்தி, பழைய புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே கிளம்பினாள். அடம்பிடித்து நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது ஆறு வயது.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெண் சித்தியிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். சித்தி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, என் தலைமேல் முகத்தைப் புதைத்து அழுதாள். உச்சந்தலை நனைந்தது. அங்கே எல்லோருமே அழுதுகொண்டிருந்ததால் எனக்கு அது விசேஷமாகப் படவில்லை. எதிரே கேமராவோடு நின்றவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்திருந்தது. கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்த இளம்பெண், தகப்பனை இழந்த குழந்தையோடு கதறுகிறார் என்று கீழே இரண்டு வரி. என் முகம் தெளிவாக விழுந்திருந்தது. தெருவில் வீடு வீடாகப் போய்க் காட்டினேன்.

சாயங்காலம் பெருமுக்கல்லிலிருந்து மாமா வந்துவிட்டார். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். சித்திக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தவர்.

"கல்யாணம் ஆவாத பொண்ண புருசன் செத்தவன்னு போட்டுட்டானே. இனிமே எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"வேணும்னு போட்டிருக்க மாட்டான் மச்சான்" என்றார் அப்பா. "பொம்பள அழுவுறா, மடியில புள்ள. புருசன் பூட்டான்னு அவனே முடிவு பண்ணிட்டான். ஒரு வார்த்த கேட்டிருக்கணும். நம்ம உப்பளம் பூரா சேறாக் கெடக்குது, அதுக்கு ஒரு வரி கெடையாது. அழுவுற மூஞ்சி கெடச்சா போதும் அவங்களுக்கு."

அம்மாவுக்கு வேறு எண்ணம். "இந்த மாதிரி படத்தப் பாத்துட்டுத்தான் ஊர்ஊரா அரிசி அனுப்பறாங்க. குப்பத்துல யாருக்கோ நடந்ததுதான?"

"அப்ப நடந்தவங்க படத்தப் போட வேண்டியதுதான?" என்றார் மாமா.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சித்தி, அப்பாவைப் பார்த்து, "விட்டுடுங்க மாமா. அவங்க ஒண்ணும் தப்பாப் போடல" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று மாமா அதட்டினார். யாரோடும் சண்டைக்குப் போகாத சுபாவம் அவளுக்கு என்று அப்பாவும் நினைத்துக்கொண்டார்.

அப்பாவும் மாமாவும் திண்டிவனம் போய் நிருபரைத் தேடிப் பிடித்தார்கள். தூக்கமில்லாமல் கண் சிவந்துபோய் இருந்தாராம். "அந்தக் கூட்டத்துல யாரப் போயி, நீ யாருக்காக அழுவுறன்னு கேக்கறதுங்க?" என்றாராம். ஆனால் தப்பை ஒப்புக்கொண்டு, மாமா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, உள்பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் திருத்தம் வந்தது. படத்தில் இருந்த பெண் மணமாகாதவர், கடல் சீற்றத்தில் அவர் யாரையும் இழக்கவில்லை, தவறுக்கு வருந்துகிறோம். மாமா அதை உரக்கப் படித்தார். அப்பா, "நானும் பொழச்சிட்டேன்" என்று சிரித்தார். சித்தி பேப்பரை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். 'யாரையும் இழக்கவில்லை' என்ற இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

"அதான் சரி பண்ணியாச்சே, இன்னும் என்ன?" என்றார் மாமா.

அடுத்த வருஷம் அதே நாளில் குப்பத்து ஜனங்கள் கடலில் பால் ஊற்றினார்கள். சித்தி என்னை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள். கூட்டத்திலிருந்து விலகி ஒரு வயதான அம்மாள் எங்களிடம் வந்தார். கருவாட்டுக்கு உப்பு வாங்க எங்கள் பாத்திக்கு வருவாரே ஓர் அண்ணன், அவருடைய அம்மா. அந்த அண்ணனை அலை கொண்டுபோய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மாள் தன் சொம்பிலிருந்த பாலில் பாதியை ஊற்றாமல் வைத்திருந்தார். அதைச் சித்தியிடம் நீட்டினார்.

"நீயும் ஊத்தும்மா. உன்னப்பத்தி எங்கிட்ட சொல்லியிருக்கான்."

சித்தி முழங்கால் நனைய நின்று ஊற்றினாள். பால் ஊற்றுவது செத்தவரின் வீட்டுக்காரர்கள்தான் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை எனக்குச் சொல்லியிருந்தாள். பாவம், இந்த ஆயா பழைய பேப்பரை நம்பி ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"ஆயா, எங்க சித்திக்கு இன்னும் கல்யாணமே ஆவல. பேப்பர்ல தப்பாப் போட்டுட்டாங்க. அப்புறம் சரி பண்ணிட்டாங்க."

"தெரியும் கண்ணு" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு போய்ச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கடலைப் பார்த்து வெகுநேரம் நின்றார்கள். திருத்தத்தைப் படிக்காதவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.