டெல்லிக்காரன் தை

போன வாரம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நண்பர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிளஸ் டூ முடித்த பெண். கையில் ஏதோ பல்கலைக்கழகத்தின் வழவழப்பான விளம்பரப் புத்தகம். "அங்கிள், இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் படிச்சா என்னவா ஆகலாம்?" என்று கேட்டாள். குடித்துக்கொண்டிருந்த டீ எனக்கு மூக்கு வழியாக வந்தது.

'லாரி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆகலாம்மா, என்னைப் பார்' என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் அவளுடைய அப்பா என்னை ஏதோ ஓய்வு பெற்ற தூதரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்க்கும் ஆட்கள் இப்போது அதிகம் மிச்சமில்லை, அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. "தூதரகம், ஐ.நா. சபை, பத்திரிகை, எங்க வேணாலும் போலாம்மா" என்று அந்தப் புத்தகத்தில் இருந்ததையே அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர்கள் போன பிறகும் புத்தகம் மேசைமேல் கிடந்தது. புது அச்சு மை வாசனை. அந்த வாசனைக்கு நான் எழுபத்தெட்டாம் வருடத்துக்குப் போய்விடுவேன். டெல்லி நடைபாதையில் ஓர் உலக வரைபடம் வாங்கினேன், துணி ஒட்டியது. இரண்டு ராத்திரி ரயிலில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். ஊர், ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். அன்றைக்கு எல்லாம் சேலம் மாவட்டம்தான். அப்பா வரைபடத்தை நிலக்கடலை மூட்டை அடுக்கும் அறையில் மாட்டினார். கொஞ்ச நாளில் கிரீன்லாந்தை எலி தின்றுவிட்டது. எந்த நாடும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

அப்பா மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டு, ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர். டெல்லியில் சர்வதேச உறவுகள் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது கேட்டார்:

"அதைப் படிச்சா என்னடா ஆவே?"

"தூதர் ஆகலாங்கப்பா. நம்ம நாட்டுக்காக வெளிநாட்டுல போய்ப் பேசறதுங்க."

"பேசறதுக்கா படிக்கோணும்? நீ சும்மாவே பேசுவியே!"

படித்தேன். பனிப்போர், சூயஸ் கால்வாய், இந்தியப் பெருங்கடல், வல்லரசுகளின் சமநிலை. எதைப் பற்றியும் முக்கால் மணி நேரம் நிற்காமல் பேசலாம் என்கிற நிலைக்கு வந்ததும் பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியுறவுப் பணித் தேர்வில் முதல் முறை தோற்றேன். அடுத்த முறைக்குப் படிப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு ஊரில் வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான், எண்பதாம் வருடம், ஈராக்கும் ஈரானும் சண்டையைத் தொடங்கின.

இப்படிச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் படித்த பாடம் ரேடியோவில் வந்துவிட்டதே! டீக்கடையில் நான் பேச, கேட்கக் கூட்டம் கூடியது. இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஓடும் ஆற்றுக்கு இந்தக் கரை யாருக்கு, அந்தக் கரை யாருக்கு என்று மேசையில் கொட்டிய டீயில் விரலால் கோடு இழுத்துக் காட்டுவேன். கடைக்காரர் பொறுமையாகத் துடைப்பார். நான் மறுபடியும் இழுப்பேன்.

அந்த ஆற்றின் கரையில்தான் எங்கள் பழனிச்சாமி அண்ணன் இருந்தார். பெரியப்பா மகன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கட்டடக் கம்பெனிக்கு டிரைவராக பஸ்ரா போயிருந்தார். கிளம்பும்போது அவருடைய அக்கா சரசு நிறைமாசம். "புள்ளைக்குக் காது குத்தறதுக்கு வந்துருவேன், மடிய யாருக்கும் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் முதல் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடிதான் மணை. மாமன் வராமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார்.

பெண் பிறந்தது, வசந்தி. பிறந்து சில மாதத்தில் சண்டை வந்துவிட்டது. ராசிபுரத்து ஆள் ஒருவர் குவைத் வழியாகத் தப்பி வந்து, கம்பெனி லாரியை எடுத்துக்கொண்டு பழனிச்சாமி வடக்கே போனதைப் பார்த்தேன் என்றார். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை.

ஒருநாள் காலை சரசக்கா வீட்டு வாசலில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இருபது பேராவது இருப்பார்கள். நடுவில் அக்காவின் வீட்டுக்காரர் சின்னுசாமி மச்சான் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார். டீக்கடைப் பேச்சுக்கு ஊர் வைத்திருந்த மரியாதை எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாப்ள, சண்டை எப்ப முடியும்?"

"அது வந்துங்க மச்சான், வல்லரசு நாடுகளோட நிலைப்பாடு..."

"அதெல்லாம் இருக்கட்டும். தையில முடியுமா, மாசியில முடியுமா? தையில நல்ல முகூர்த்தம் இருக்குது. மாசியில குலசாமி கோயில் திருவிழா வேற வருது."

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சரசக்கா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "சொல்லு சாமி, நீ படிச்சவன்" என்றார்.

டெல்லியில் என் பேராசிரியர்கூட, எண்ணெய் விற்கும் நாடுகள் ரொம்ப நாள் சண்டை போடமுடியாது என்றுதான் சொல்லியிருந்தார். ஆகவே சொன்னேன்: "தைக்குள்ள முடிஞ்சிருங்கக்கா."

பஞ்சாங்கம் மூடப்பட்டது. அன்றைக்கே கிடா நேர்ந்துவிட்டார்கள். ஒரு யுத்தம் முடியும் தேதியை முகூர்த்தம் பார்த்துக் குறித்த ஊர் உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எந்த ஆராய்ச்சி இதழும் இதைப் பதிவு செய்யவில்லை.

தை வந்தது. சண்டை முடியவில்லை. மறு தை வந்தது. கிடா கிழடு தட்டி, வேறு கிடா நேர்ந்துவிட வேண்டியதாயிற்று. மச்சான் எங்கே பார்த்தாலும், "மாப்ள, இந்தத் தையா, வர்ற தையா?" என்பார். ஊரில் அது வழக்காகவே ஆகிவிட்டது. 'மழை எப்ப வரும்?' 'டெல்லிக்காரன் தையில.' 'பஞ்சாயத்து போர்டுக்காரன் ரோடு எப்பப் போடுவான்?' 'டெல்லிக்காரன் தையில.' நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து ரேடியோவைத் திருகுவேன். எந்தப் பக்கம் முன்னேறியது, எந்தப் பக்கம் பின்வாங்கியது. எல்லாம் புரியும். பழனிச்சாமி அண்ணன் மட்டும் செய்தியில் வரமாட்டார்.

இதற்குள் நான் தேர்வில் மறுபடியும் தோற்று, வயதும் தாண்டி, சேலத்தில் ஒரு டுடோரியலில் குடிமையியல் நடத்திக்கொண்டிருந்தேன். என்னோடு படித்தவன் ஒருவன் மட்டும் வெளியுறவுப் பணியில் சேர்ந்திருந்தான். அவனைப் பார்க்க டெல்லி போனேன். நல்ல மேசை, நல்ல டீ. பழனிச்சாமி அண்ணனின் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த விஷயம் எங்கள் கவனத்தில் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்த வாக்கியத்தை எப்படி அமைப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்துதான் படித்தோம். அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை.

வசந்தி பள்ளிக்கூடம் போனாள். மூளிக் காது. "பையனா, புள்ளையா?" என்று கேலி பேசுவார்களாம். நான் ஊருக்குப் போனால் நேராக என்னிடம் வந்து, "மாமா, ஈரான்காரங்ககிட்டச் சொல்லுங்க, எனக்குக் கம்மல் போடோணும்" என்பாள். முறைப்படி பார்த்தால் நானும் அவளுக்குத் தாய்மாமன்தான், பெரியப்பா பேத்தியாயிற்றே. என் மடியும் செல்லும். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேறு மடியில் அவள் உட்கார்ந்தால் பழனிச்சாமி அண்ணன் இல்லை என்று ஊரே ஒப்புக்கொண்டதாகிவிடும். சரசக்கா அந்த மடியைக் காலியாகவே வைத்திருந்தார்.

எண்பத்தெட்டில் சண்டை நின்றது. மிட்டாய் வாங்கிக்கொண்டு ஊருக்கு ஓடினேன். கைதிகளை விடுவார்கள், அதில் அண்ணனும் இருப்பார் என்று ஒரு சிற்றுரையே ஆற்றினேன். அந்தத் தையும் போனது. அதற்கடுத்த தை கழிந்து, மாசியில் ஒருநாள் சரசக்கா சேலத்துக்கு என் அறைக்கே வந்தார்.

"தம்பி, வெள்ளிக்கெழமை கோயிலுக்கு வா. புள்ளைய உன் மடியில உக்கார வெச்சுக்கோ."

"அக்கா, இன்னும் கைதிங்க எல்லாரையும் விடலைங்க. ஒரு வருசம் பாக்கலாமே."

"போதும் சாமி. நாளைக்கு அவ பெரியவ ஆனா அதுக்கும் மாமன்தான் பச்சோலைக் குடிசை கட்டோணும். எத்தனைக்குன்னு காத்திருக்கறது?"

குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் மணைமேல் உட்கார்ந்தேன். வசந்திக்குப் பத்து நடந்துகொண்டிருந்தது. மடியில் உட்கார்ந்தாள், இரண்டு காலும் தரையில் ஊன்றியிருந்தன. பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் என் முழங்கால்கள் தாமாகவே ஆடத் தொடங்கின. ஐ.நா. சபையில் பேச வேண்டியவன்! வசந்தி திரும்பாமலே, "மாமா, காலை ஆட்டாதீங்க, ஊசி தப்பிரும்" என்றாள்.

ஊசி ஏறியது. அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தது சரசக்கா. மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போதே, தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, "என்ற தம்பியே, என் பொறந்தவனே" என்று ஒப்பாரி எடுத்தார். சீர்த் தட்டுகளைப் பிடித்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். மேளக்காரருக்கு எந்த அடி அடிப்பது என்று தெரியவில்லை, நிறுத்திவிட்டார். வாங்கி வந்திருந்த கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தே இருந்தேன். ஒன்பது வருடம் தள்ளிப்போட்ட சாவு என் மடியில் நடந்து முடிந்தது. சின்னுசாமி மச்சான் பக்கத்தில் வந்தார். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன். துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனார். அதுவரை நான் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த வருடமே அந்தப் பக்கம் வேறொரு சண்டை மூண்டது. ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் டிவி வந்திருந்தது, குண்டு விழுவதையே நேராகக் காட்டினார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'டெல்லிக்காரன் தை' என்று கேலி செய்வதைக்கூட விட்டிருந்தார்கள். சரசக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பாடு போட்டார், கிழங்கு விலை பற்றிப் பேசினார், குழம்பு போதுமா என்று கேட்டார். சண்டை எப்போது முடியும் என்று மட்டும் கேட்கவில்லை. நான் அதற்கு ஒரு பதிலோடு போயிருந்தேன்.