பூங்கனியின் செருப்புப் பாடம்

புதிதாக வந்த பெண்ணிடம் பூங்கனி முதலில் பெயரைக் கேட்பதில்லை. சாப்பாட்டு டப்பாவைத்தான் கேட்பாள். "ஏட்டி, தொற பாப்போம்" என்பாள். அந்தப் பெண் வெட்கப்பட்டு டப்பாவைத் தாவணிக்குள் மறைப்பதற்குள் மூடி பூங்கனியின் கையில் இருக்கும். உள்ளே மரச்சீனிக்கிழங்கு இருந்தால் பாதி போயிற்று. "கொள்ளாமே! ஒங்க அம்மைக்கு நல்ல கைப்பக்குவம் கேட்டியா" என்று வாயில் கிழங்கோடு சான்றிதழ் கொடுத்த பிறகுதான் ஊரும் பேரும் விசாரணைக்கு வரும்.

பூங்கனி அஞ்சுகிராமத்துக் கருப்பட்டி வியாபாரியின் மகள். நாகர்கோவில் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருடம் சரித்திரம் படிக்கிறாள். படிப்பு சுமார்தான், அதை அவளே ஒளிக்காமல் சொல்வாள். குரல் ஒரு சந்தைக்குப் போதும். குடை வைத்திருக்கிறாள், ஆனால் மழையில் விரிக்க மாட்டாள். நனைந்தால் குடைத்துணி கெட்டுப்போகுமாம். காலையில் பெண்கள் அறைக்கு முதல் ஆளாக வந்து, வாசலை ஒட்டிய பெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். திருவனந்தபுரத்தில் மந்திரிசபை கவிழ்ந்த சேதிகூட அந்த அறைக்குள் அவள் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

ஊரார் டப்பாவில் எல்லாம் கை வைக்கிற இந்த மகராசி, தன் டப்பாவில் இருக்கும் மீன் துண்டை மட்டும் யாருக்கும் தர மாட்டாள். கேட்டவர்களுக்குக் குழம்பு கிடைக்கும். மீனுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். "எண்ணைக்கு ஒருத்தி எங்கிட்ட கேக்காம என் டப்பாவத் தொறக்காளோ, அண்ணைக்குத்தான் அவ காலேஜில சேந்தா. பீஸ் கெட்டினதெல்லாம் கணக்கில்ல." சொல்லிவிட்டு டப்பாவைத் தன் பக்கமாக நகர்த்திக்கொள்வாள்.

அந்தக் கல்லூரியில் பெண்கள் தாமாக வகுப்புக்குப் போகும் வழக்கம் இல்லை. அறைக்குள்ளேயே காத்திருந்து, தங்கள் விரிவுரையாளர் வராந்தாவில் கடந்து போகும்போது அவர் பின்னால் வரிசையாகப் போக வேண்டும். முன் பெஞ்சில் உட்கார்ந்து, மணி அடித்ததும் அவர் பின்னாலேயே திரும்பிவிட வேண்டும். புதுப் பெண்களுக்கு இதில் ஒரு சங்கடம். தலை நிமிர்ந்தால்தானே முகம் தெரியும்? தலையை நிமிர்த்த யாருக்குத் துணிச்சல் உண்டு? இதற்குப் பூங்கனி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

"மொகத்தைப் பாக்காண்டாம், காலைப் பாரு. வார் செருப்புண்ணா தமிழ் சார். கறுத்த ஷூண்ணா கெமிஸ்ட்ரி சார். இங்கிலீஷ் சாருக்க செருப்பு கிறீச்சு கிறீச்சுண்ணு கத்தும், கண்ணை மூடிட்டே பொறத்தால போலாம்."

இந்த வருடம் இன்டர்மீடியட்டில் சேர்ந்த செல்லத்தாய், மண்டைக்காட்டுப் பக்கத்துப் பெண். பூங்கனி டப்பாவைத் திறந்ததுமே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் கிழங்கு அல்ல. அவள் படிக்க வந்ததில் வீட்டில் பெரியப்பாவுக்கு இஷ்டமில்லை.

"ஒரு நாள் அழுதுட்டு பாதியில வந்தியோ, அண்ணையோட படிப்பு நிண்ணுதுண்ணு சொல்லியிருக்காரு அக்கா."

"அதுக்கு இப்பவே எதுக்குட்டி அழணும்? செருப்பைப் பாத்து நட, போரும்."

அடுத்த வாரம் ஒரு நாள் காலையிலிருந்தே மழை கொட்டியது. மற்ற முதல் வருடப் பெண்கள் யாரும் வந்துசேரவில்லை. பூங்கனி ஜன்னலோரம் நின்று சேலை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். செல்லத்தாய்க்கு முதல் மணி தமிழ். வராந்தாவில் வார் செருப்பு ஒன்று கடந்தது. செல்லத்தாய் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலை குனிந்து, அதன் பின்னால் போய்விட்டாள். சற்றுப் பொறுத்து இன்னொரு வார் செருப்பு வந்தது. அதற்கு மேலே தமிழ் சார் இருந்தார்.

"சவத்த, அப்பம் முன்னால போனது ஆரு?" பூங்கனி சேலை நுனியை விட்டாள்.

கெமிஸ்ட்ரி சார்தான். மழையில் ஷூ கெட்டுவிடும் என்று வீட்டில் வைத்துவிட்டுச் செருப்பில் வந்திருந்தார். குடைக்கு அத்தனை பரிவு காட்டுகிற பூங்கனிக்கு இது முன்கூட்டியே தோன்றாமல் போயிற்று.

அவருடைய பி.எஸ்ஸி. வகுப்பில் பெண்களே கிடையாது. பூங்கனி ஓடிப்போய் எட்டிப் பார்த்தபோது, சார் எதையும் கவனிக்காமல் கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் கேலியாகத் தரையில் காலைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்கள். காலியாகக் கிடந்த முன் பெஞ்சில் செல்லத்தாய் மட்டும் எழவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தாள். உதடு துடித்துக்கொண்டிருந்தது. இப்போது அழுதுகொண்டு ஓடினாளானால் நேரே பஸ்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால் பெரியப்பாதான். எல்லாம் பூங்கனியின் வாயால் வந்த வினை.

"உள்ள வரலாமா சார்?"

பதிலுக்குக் காத்திராமல் போய், செல்லத்தாயை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சார் சாக்குக்கட்டியோடு திரும்பினார்.

"நீ ஹிஸ்டரி இல்லையா? உங்களுக்கு இங்கே என்ன வேலை?"

"மழைக்கு ஒதுங்கினோம் சார்."

வகுப்பு இடிந்து விழாத குறைதான். சிரிப்பு முழுவதும் பூங்கனியின் தலையில் கொட்டியது. செல்லத்தாயை எல்லாரும் மறந்தே போனார்கள். சாரே சிரித்துவிட்டார். "ஒதுங்கினவங்க சத்தம் போடாம இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படத்துக்குத் திரும்பினார்.

"அக்கா, எனக்கு வீட்டுக்குப் போணும்" என்றாள் செல்லத்தாய், காற்றாக.

"போலாம் மக்கா. சாயங்காலம் எல்லாருந்தான் போவோம். இப்பம் அந்தப் படத்தைப் பாத்து வரை. எங்க வீட்டுக் கருப்பட்டிப் பானைக்கு வாலு மொளச்சது போலல்லா இருக்கு."

செல்லத்தாய் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் அழுகை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் ரசாயனம் கேட்டார்கள்.

மத்தியானம் பெண்கள் அறையில் பூங்கனி கெமிஸ்ட்ரி சாராக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அறை கெக்கலித்தது. அப்போது செல்லத்தாய் தன் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், பூங்கனியின் டப்பாவை இழுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு அயிலை மீன் துண்டு. அறையில் சிரிப்பு நின்றது. செல்லத்தாய் அதை எடுத்துத் தன் சோற்றில் வைத்துக்கொண்டாள்.

பூங்கனி ஜன்னல் பக்கம் திரும்பி, வெயில் அடித்துக்கொண்டிருந்த முற்றத்தில் மழை விட்டுவிட்டதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.