கோல் போட்டினு நெனைச்சு கோல்ஃப் போட்டி நடத்துன கதை

ஏரித் தண்ணி வத்துற மாசத்துல எங்க குப்பத்துல ஒரு வாசனை வரும். சேறு காயுற வாசனை... அதுல கொஞ்சம் உப்பு, கொஞ்சம் நண்டு. வெளியூர்க்காரங்க மூக்கைப் பொத்திப்பாங்க. எங்களுக்கு அதான் கோடை.

அந்த வாசனைக்கு நடுவுல, கவுத்துப் போட்ட படகு மேல ஏறி நின்னு, சிக்னலுக்காக போனைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுப் பேசினது இன்னும் ஞாபகம் இருக்கு. மீஞ்சூர் பக்கம் நான் வேலை பாத்த கம்பெனியோட மேடம் லைன்ல. காத்துல பாதிதான் காதுல விழுந்துச்சு.

"குமார், உங்க ஊரு ஸ்கூல் போட்டுக்காக ஒரு சாரிட்டி கோல்... டோர்னமெண்ட். உங்க ஊர்லயே வைக்கலாம். வர்றவங்க ஜாலியா இருக்கணும். பிளான் பண்ணுங்க."

"பண்ணிடலாம் மேடம்"னேன். நமக்குத் தெரியாத கோலா?

எங்க ஏரி ஆழம் கம்மி. காத்து நின்னுச்சுன்னா கோலை ஊனித்தான் படகைத் தள்ளணும். யார் முன்னாடி தள்ளிட்டுப் போறாங்கன்னு பொங்கலுக்குப் போட்டி வைப்போம். அதைப் பாக்க மெட்ராஸ்காரங்க காசு குடுத்து வர்றாங்கன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன். பத்தாவதோட நின்ன அறிவு, அவ்ளோதான் வேலை செய்யும்.

ஸ்கூல் போட்டு, அதான் புள்ளைங்க போற படகு, அந்த விஷயத்தைச் சொல்லிடறேன். எட்டாவதுக்கு மேல படிக்கணும்னா எங்க புள்ளைங்க ஏரியைத் தாண்டி பழவேற்காட்டுக்குப் போகணும். அப்ப இருந்த போட்டுல ஓட்டை. போய்ச் சேர்ற வரைக்கும் டிபன் டப்பா மூடியால தண்ணி மொண்டு ஊத்தணும். பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க அதனாலயே நின்னுட்டாங்க.

என் பொண்ணு யாமினி அந்த வருசம் எட்டாவது முடிக்கிறா. என் வீட்டுக்காரி செல்வி தீர்மானமா சொல்லிட்டா...

"நல்ல போட்டு வந்தா அனுப்புறேன். இல்லன்னா வீட்ல இருக்கட்டும். படிப்பு வேணும்தான், ஆனா பொண்ணு முழுசா வேணும்."

அதனால குப்பமே எறங்கி வேலை செஞ்சுது. படகுக்கெல்லாம் பெயிண்ட். நான் தலைவர் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நடக்குறேன்.

ஒரு நாள் மேடம் எடத்தைப் பாக்க வந்தாங்க. கார் டிக்கில ஒரு நீளமான பை. தூண்டில் போலனு நெனைச்சேன்.

"கிரவுண்ட் எங்க குமார்?"

"கிரவுண்ட் எதுக்கு மேடம், எல்லாம் தண்ணிலதான்."

"தண்ணில பால் போயிடுமே?"

"பால் ஜமால் பாய் பாத்துப்பாரு மேடம். பாக்கெட் பால், கெட்டுப் போவாது."

மேடம் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "டீ எங்க வைக்கிறதுனு ஐடியா இருக்கா?"

"அதுவும் பாய்தான். கரையிலயே கடை போட்டுடுவாரு."

டீக்கடை ஜமால் பாய் பக்கத்துலயே நின்னு பெருமையா தலையாட்டுறாரு. யாமினிதான் என் சட்டையைப் புடிச்சு இழுத்தா.

"நைனா, அது கோல் இல்ல... கோல்ஃப். பால்னா பந்து. டீன்னா பந்தை மேல வைக்கிற குச்சி. மானத்த வாங்காத."

பாய் மெதுவா கேட்டாரு, "அப்ப நான் வாங்கி வெச்ச பத்து லிட்டர் பாலு?"

பையைத் தொறந்தா உள்ள இருந்து மட்டை மட்டையா வருது. மேடம் காஞ்ச சேத்தைப் பாத்தாங்க, ஏரியைப் பாத்தாங்க. "புல்லே இல்லையே குமார்... சரி, பாக்கலாம்."

"பாக்கலாம்"னா இன்னா அர்த்தம்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். யாமினி முகம் அப்படியே சுருங்கிப் போச்சு.

மேடம் கார் கதவைத் தொறக்குறப்ப செல்வி முன்னாடி வந்தா. மீன் கழுவுன கை, ஈரம்கூடக் காயல.

"ஏன் மேடம், ரெண்டையும் சேத்து வெச்சா இன்னா? ஏரில அங்கங்க திட்டு தெரியுது பாருங்க. ஒவ்வொரு திட்டுலயும் ஒரு குழி தோண்டிடறோம். உங்க ஆளுங்க பந்தை அடிக்கட்டும். அடுத்த திட்டுக்கு அவங்களைப் படகுல ஏத்தி எங்க ஆளுங்க கோல் போட்டுத் தள்ளிட்டுப் போவட்டும். புல்லுதான் எல்லா ஊர்லயும் இருக்கே."

மேடம் கார் கதவை மூடிட்டாங்க. ஆனா வெளியில நின்னுதான்.

அப்புறம் நடந்ததுதான் நெசமான பிளானிங். பாய் கடை பெஞ்சுல உக்காந்து மேடம் கேட்க, நாங்க சொல்ல... குழிக்குக் கொடி வேணும்னாங்க. வலை போட்ட எடத்துக்கு அடையாளமா நாங்க கட்டுற கொடியையே நட்டுக்கலாம்னோம். திட்டெல்லாம் நண்டு வளையாச்சே, பந்து அதுல விழுந்தா? ரொம்ப நேரம் சண்டை போட்டு, "நண்டு திருப்பிக் குடுத்தா திரும்ப அடிக்கலாம்"னு ரூல் போட்டோம். மேடம் சிரிச்ச சிரிப்புல அந்தப் பத்து லிட்டர் பாலும் அன்னிக்கே டீயாச்சு.

போட்டி அன்னிக்கு வந்த பெரிய மனுசங்கள்ல பாதிப் பேருக்கு முட்டி வரைக்கும் சேறு. ஒருத்தர் ஷூவை ஏரியே வெச்சுக்கிச்சு. ஆனா யாரும் சாயங்காலம் வரைக்கும் கெளம்பல. ஜூன்ல ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள புது போட்டு வந்துடுச்சு. புள்ளைங்களுக்கு ஆரஞ்சு கலர்ல லைஃப் ஜாக்கெட்டோட.

இப்ப அந்தப் போட்டி மெட்ராஸ்ல, பச்சைப் புல்லு மேல நடக்குது. வேற ஊரு புள்ளைங்களுக்காக. வருசா வருசம் எனக்கு இன்விடேஷன் வருது, நானும் இஸ்திரி போட்ட சட்டையில போறேன். ஏசி, பஃபே, மைக்ல அழகா பேசுறாங்க. எல்லாம் நேரத்துக்கு நடக்குது. யாரும் வழுக்கி விழுறதுதான் இல்ல...

யாமினி நர்சிங் ரெண்டாவது வருசம். மீஞ்சூர்ல ட்ரெயின் ஏறிப் போறா.

செல்வி மட்டும் காலையில போட்டு கெளம்புற நேரத்துக்குக் கரைக்குப் போயிடறா. எங்க வீட்டுப் புள்ள யாரும் அதுல இல்ல. இருந்தாலும் நின்னு ஒவ்வொரு தலையா பாப்பா. ஒரு பொண்ணு கொறைஞ்சா போதும், அந்த வீட்டு வாசலுக்கே போயிடுவா.

"இன்னாடி, பொண்ணை அனுப்பாம வீட்ல வெச்சு இன்னா பண்ணப் போற? வரச் சொல்லு, போட்டு நிக்குது."

அந்தப் பொண்ணு பையை மாட்டிக்கிட்டு ஓடியார வரைக்கும் டிரைவர் இன்ஜின் போட மாட்டாரு. போட விட மாட்டா இவ.